கொழிஞ்சாம்பாறையில எடுத்த குறும்படத்தை விழா வரைக்கும் கொண்டு போன கதை

கேரளாவுல பாலக்காடு ஜில்லா, தமிழ்நாட்டு பார்டர ஒட்டி இருக்குற நம்ம எருத்தேம்பதி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தம்பிங்க சில பேரு குறும்படம் எடுத்து வச்சுக்கிட்டு எங்க அனுப்புறது, எப்படி அனுப்புறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றத விட மொத்தமா எழுதிடறேன். எங்க படத்தை திருவனந்தபுரத்துல ஐடிஎஸ்எஃப்எஃப்கே விழாவுல காட்டுனாங்க, கேரள சலச்சித்திர அகாடமி நடத்துற ஆவணப்பட, குறும்பட விழா அது. டிசம்பர்ல நடக்குற பெரிய பட விழாவும் இவங்கதான் நடத்துறாங்க, ஆனா இது முழுக்க நம்மள மாதிரி சின்னப் படம் எடுக்குறவங்களுக்கானது.

படம் 16 நிமிஷம். அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அண்ணனோட தோப்பு பார்டருக்கு இந்தப் பக்கம், தம்பியோடது அந்தப் பக்கம். தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளுக்குத் தடை, இங்க லைசென்ஸோட இறக்கலாம், நம்ம சித்தூர் தாலுகாவுல இறக்குற கள்ளுதான் வண்டியேறி கேரளாவுல பல ஜில்லாவுக்குப் போகுது. ஒரே அப்பன் வச்ச தென்னை, ஒரே கத்தி, இங்க ஏறுனா தொழில், அங்க ஏறுனா கேஸு. நமக்கு இது தினமும் பாக்குற விஷயம், ஆனா இதைத் தமிழ்ப் படத்துலயும் யாரும் காட்டி நான் பாத்ததில்ல, மலையாளப் படத்துலயும் பாத்ததில்ல, அந்த ஆதங்கத்துலதான் எடுத்தோம். அண்ணனா நடிச்சது எங்க பெரியப்பா, நெசமாவே மரம் ஏறுறவரு.

ஷூட்டிங்ல பெரிய சவால் காத்துதான். பாலக்காட்டுக் கணவாய்னா மலைத்தொடருக்கு நடுவுல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசலைத் தொறந்து வச்ச மாதிரி, ஆடி மாசம் அதுல வர்ற காத்துக்கு மைக்கு என்ன பண்ணும் சொல்லுங்க. மைக்குக்கு ரோம உறை போட்டோம், சட்டைக்குள்ள சின்ன லேப்பல் மைக் ஒட்டுனோம், அதோட ஒவ்வொரு சீனும் முடிஞ்ச கையோட நடிச்சவங்கள மோட்டார் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி அதே வசனத்தை அதே வேகத்துல மறுபடி பேச வச்சுப் பதிவு பண்ணிக்கிட்டோம். எடிட்டிங்ல பாதி வசனம் அந்தப் பதிவுலருந்து எடுத்ததுதான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெஞ்சு மறக்காதீங்க, கேமராவுக்கு வாடகை குடுக்குற காசுல கொஞ்சத்தை சவுண்டுக்கு ஒதுக்குங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தாக் கூட ஜனங்க பாப்பாங்க, பேசுறது புரியலைன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க.

அனுப்புறது ஆன்லைன்லதான். பாஸ்வேர்டு போட்ட ப்ரிவியூ லிங்க், கதைச் சுருக்கம், டைரக்டரைப் பத்தி நாலு வரி, ஸ்டில்ஸ், யாரு யாரு வேலை செஞ்சாங்கங்கிற பட்டியல், இதெல்லாம் முன்னாடியே ரெடியா ஒரு ஃபோல்டர்ல இருக்கட்டும். யூடியூப்ல பப்ளிக்கா போட்ட படத்தை எடுக்காத விழாக்கள் நிறைய இருக்கு, அதனால ஆசைப்பட்டு அவசரமா ஏத்திடாதீங்க. சப்டைட்டில் இங்கிலீஷ்ல கட்டாயம் வேணும், ரெண்டு வரிக்கு மேல போகாம, படிச்சு முடிக்க டைம் குடுத்து வைங்க. பாட்டு விஷயத்துலயும் கவனம், டீக்கடை சீன்ல ரேடியோவுல சினிமாப் பாட்டு ஓடுனாலே அதுக்கு உரிமை கேப்பாங்க. நாங்க ஊர்ல உடுக்கை அடிக்கிற தாத்தாகிட்ட வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணி, அவருகிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கி வச்சோம்.

சென்சார் சர்ட்டிஃபிகேட் இல்லாம எப்படிக் காட்டுவாங்கன்னு நிறையப் பேரு கேட்டாங்க. விழாவுல காட்டுற படங்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு குடுக்கும், அதுக்கு விழா நடத்துறவங்கதான் விண்ணப்பிப்பாங்க, நாம குடுக்குற கதைச் சுருக்கமும் அதோட போகும். 2017ல இதே விழாவுல மூணு படத்துக்கு அந்த விலக்கு கிடைக்காம விஷயம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. அதனால கதைச் சுருக்கத்தை ஏனோதானோன்னு எழுதாதீங்க, படத்துல என்ன இருக்கோ அதைத் தெளிவா எழுதுங்க.

செலக்ட் ஆயிடுச்சுன்னு மெயில் வந்தப்புறம்தான் நெஜமான வேலையே ஆரம்பிச்சுது, டிசிபி, அதாவது டிஜிட்டல் சினிமா பேக்கேஜ். தியேட்டர்ல இப்பல்லாம் படம் ஓடுறது இந்த ஃபார்மட்லதான். ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி ஜேபெக் 2000 படமா இருக்கும், கலர் எக்ஸ்ஒய்இசட்னு வேற கணக்கு, படத்தோட அளவு 2கே ஃப்ளாட்னா 1998க்கு 1080 பிக்சல், இன்னும் அகலமான ஸ்கோப்னா 2048க்கு 858, ஃப்ரேம் ரேட் 24ன்னு இருந்தா எங்கயும் தகராறு வராது. கோயம்புத்தூர்ல ஒரு ஸ்டுடியோல கேட்ட ரேட்டு எங்க கைக்கு எட்டல, அப்புறம் டிசிபி-ஓ-மேட்டிக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுலயே பண்ணிட்டோம். பழைய லேப்டாப்புல ராத்திரி பூரா ஓடுச்சு, 16 நிமிஷத்துக்கே பத்து ஜிபிக்கு மேல வந்துச்சு. ஹார்ட் டிஸ்க்கை தியேட்டர் சர்வர் படிக்கிற மாதிரி ஃபார்மட் பண்ணணும், அதையும் விழாக்காரங்ககிட்ட முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க.

பண்ணி முடிச்சதும் அப்படியே அனுப்பிடாதீங்க. பக்கத்து டவுன்ல ஒரு தியேட்டர்க்காரர்கிட்ட போய்ப் பேசுனோம், நல்ல மனுஷன், காலை ஷோவுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்துக்கோங்கன்னுட்டாரு. ஹெட்போன்ல அவ்ளோ நல்லாக் கேட்ட ஸ்டீரியோ மிக்ஸ் தியேட்டர்ல வேற மாதிரி ஆயிடுச்சு, ஓரமா உக்காந்தா பெரியப்பா பேசுறது செவத்துலருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. தியேட்டர்ல வசனம் திரைக்கு நடுவுல இருக்குற ஸ்பீக்கர்லருந்து வரணும், அதுக்கு 5.1னு சொல்ற பல ஸ்பீக்கர் சவுண்டுல சென்டர் சேனல்ல வசனத்தைத் தனியா வைக்கணும். காத்தையும் பனை ஓலைச் சத்தத்தையும் ரெண்டு பக்கமும் பின்னாடியும் பரப்பிவிட்டு, பெரியப்பா பாளையைத் தட்டுற சத்தத்தை மட்டும் நட்டநடுவுல வச்சோம். அந்த மாத்தத்துக்கு அப்புறம்தான் இது எங்க ஊரு மாதிரியே கேட்டுச்சு.

அமிர்தா எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பாலக்காட்டுல ஏறுனா விடியக்காலைல திருவனந்தபுரம், ஸ்டேஷன் இருக்குறதே தம்பானூர்லதான், கைரளி, ஸ்ரீ, நிளா மூணு தியேட்டரும் ஒரே காம்பவுண்டுல நடந்து போற தூரத்துல இருக்கு. காலேஜ் பசங்க, ரிட்டையர் ஆன வாத்தியாருங்க, ஃபிலிம் சொசைட்டிக்காரங்கன்னு கழுத்துல பாஸ் மாட்டிக்கிட்டு ஒரு படம் முடிஞ்சதும் அடுத்த படத்துக்கு வரிசையில நிக்குறாங்க. பெரிய ஹீரோ படத்துக்கு நிக்குற மாதிரி ஒரு 20 நிமிஷப் படத்துக்கு நிக்குறாங்க, அதைப் பாக்குறதுக்கே நீங்க ஒரு தடவை போகணும்.

படம் முடிஞ்சு கேள்வி கேக்குற நேரத்துல ஒரு பெரியவர் எழுந்து மலையாளத்துல, இது தமிழ்நாட்டுல எந்த இடம்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள பெரியப்பா மைக்கை வாங்கி, "தமிழ்நாடு இல்லைங்க சாரே, உங்க பாலக்காடு ஜில்லாதான், எங்க ரேஷன் கார்டு கூட மலையாளத்துலதான் இருக்கு"ன்னாரு. கை தட்டுனாங்க. அப்புறம் எங்களை விட்டுட்டு அவரைத்தான் சூழ்ந்துக்கிட்டாங்க, பாளையை எப்படிக் கட்டுவீங்க, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுவீங்கன்னு கேள்வி மேல கேள்வி. பரிசு எதுவும் கெடைக்கல. ஆனா சித்தூர் தாலுகாவுல தமிழ் பேசுற ஜனங்க இருக்காங்க, அவங்க வாழ்க்கை இதுன்னு அத்தனை பேரு முன்னாடி பெரிய திரையில தெரிஞ்சுதே, அதுக்காகத்தான் நாங்க எடுத்தோம்.

மலையாளத்துக்காரங்க விழாவுல தமிழ்ப் படத்தை எடுப்பாங்களான்னு தயங்காதீங்க. கேரளாவுல ஃபிலிம் சொசைட்டி கூட்டமைப்பு நடத்துற சைன்ஸ் (SIGNS) பட விழா இருக்கு, அதுல விருது டைரக்டர் ஜான் ஆபிரகாம் பேர்லதான், அந்த மலையாளி 1977ல தமிழ்லயே படம் எடுத்தவரு. அங்கயும் அனுப்பிப் பாருங்க. காசு கட்டுனா மாசாமாசம் ஆன்லைன்ல விருது முத்திரை போட்டு அனுப்புற விழாக்களுக்கு மட்டும் ஒரு ரூபா குடுக்காதீங்க, அங்க உங்க படத்தை உக்காந்து பாக்க ஒரு ஆளு இருக்க மாட்டாங்க.

ஓணம் முடிஞ்சதும் நம்ம ஊர் வாசகசாலைத் திடல்ல வெள்ளை வேட்டி கட்டி படத்தைப் போடுறோம், சப்டைட்டில் இல்லாத காப்பி தனியா எடுத்து வச்சிருக்கேன். உங்ககிட்ட முடிச்ச படம் இருந்தா பென் டிரைவ்ல கொண்டு வாங்க, அதையும் சேர்த்துப் போடலாம், டிசிபி பண்றதையும் அன்னைக்கே என் லேப்டாப்புல காட்டித் தர்றேன்.