மே மாதம் இல்லாத ஏற்காடு

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டுத் தோட்டம் என்றாலே மே மாதக் கோடை விழாதான். ஏரிப்பக்கம் அண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சி, பூவிலேயே கட்டி நிறுத்திய உருவங்கள், அதற்கு முன்னால் செல்ஃபி எடுக்க வரிசை. குறை சொல்லவில்லை, நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். ஆனால் அதே இடங்கள் மற்ற மாதங்களில் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் பருவத்துக்குப் பருவம் மலையேறிக்கொண்டிருக்கிறேன்.

கோடைக்கு முன்னால் அண்ணா பூங்காவில் பெரிதாக ஒன்றுமில்லை. கொத்திப்போட்ட பாத்தி, சின்னச் சின்ன நாற்று. அந்தத் தடவை மனதை நிறைத்தது காப்பித் தோட்டங்கள். முதல் கோடை மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. மல்லிகை மாதிரி வாசம் பஸ்ஸுக்குள்ளேயே வரும். இரண்டு மூன்று நாள்தான். நாள் பிசகினால் பழுப்புச் சருகைத்தான் பார்க்க வேண்டும்.

அதிகம் போவது பொட்டானிக்கல் கார்டனுக்கு. மத்திய அரசின் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1960களில் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் அது. கண்காட்சிக் கூட்டத்தில் பாதிப் பேர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

“பூவே இல்லாத நேரத்துல வந்து என்னக்கா பாக்கறீங்க?” என்று கேட்டார் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த தம்பி. தொங்கிக்கொண்டிருந்த வாண்டா என்ற ஆர்க்கிட் ஒன்றின் வேரைக் காட்டினேன். காய்ந்திருக்கும்போது சாம்பல் பூத்த வெள்ளை, நுனி மட்டும் பச்சை. அவர் தெளித்ததும் கண்ணெதிரே வேர் முழுக்கப் பச்சையாகிவிட்டது. வேரைச் சுற்றியிருப்பது செத்த செல்களாலான பஞ்சு போன்ற உறை. நீரைக் குடித்ததும் அது கண்ணாடிபோல் ஆகிவிட, உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. மரத்தின் மேல் மண்ணில்லாமல் வாழும் செடி, மழையையும் பனியையும் பிடித்துக்கொள்ளும் வழி இதுதான். சமவெளி மாமரங்களிலும் வாண்டா உண்டு. புல்லுருவி என்று நினைத்து வெட்டிப் போடுகிறார்கள், பாவம். அது மரத்தை உறிஞ்சுவதே இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கிளை போதும்.

ஆகஸ்ட், செப்டம்பர் மழையில் தரையைப் பார்த்து நடக்க வேண்டும். கோடையில் வெறும் கிழங்காக மண்ணுக்குள் கிடந்த ஹெபனேரியா என்ற தரை ஆர்க்கிட் வகைகள் அப்போதுதான் தண்டு விட்டுப் பூக்கின்றன. வெள்ளையும் பச்சையுமாகச் சின்னப் பூ, பின்னால் வால் மாதிரி மெல்லிய தேன்குழல். குந்தி உட்கார்ந்தால்தான் கண்ணில் படும். முழங்கால் நனையும், பரவாயில்லை. எனக்கு மே மாதத்து டேலியாவைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

அடுத்தது டிசம்பர், ஜனவரி. காப்பிப்பழம் பறிக்கும் காலம், குளிரும் சரியாக இருக்கும். நீங்களும் போவதானால் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். மூட்டம் இறங்கிவிட்டால் அப்புறம் கேமராவைப் பையில் போட்டுவிட்டு டீக்கடை தேட வேண்டியதுதான்.