ஊசிக்கு முன்னும் பின்னும்

பேஸ்மேக்கர் உண்டா, உடம்புக்குள் கம்பி, கிளிப் ஏதாவது உண்டா என்று கேட்பது எல்லா எம்.ஆர்.ஐ. அறைகளிலும் உள்ள வழக்கம். மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்க வருபவர்களிடம் மட்டும் நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: "காலையில சாயா குடிச்சீங்களா?"

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் மையத்தில் டெக்னீஷியன் வேலை எனக்கு. குலசேகரம், திற்பரப்பு பக்கமிருந்து வரும் பால்வெட்டுக்காரர்கள் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்வது அபூர்வம். விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள், சும்மா போவார்களா? "வெறும் வயிறுதான் மக்களே, ஒரு கட்டன் சாயா மட்டும் குடிச்சேன்" என்பார்கள். ஸ்கேன் என்றாலே பட்டினி கிடக்க வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு இட்லி சாப்பிட்டு வந்தால்கூட ஒன்றுமில்லை, சாயாதான் சிக்கல். காஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். இரண்டு கப் காபி அளவு உள்ளே போனால் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் மேலே குறையும். ஒரு மருந்து என்ன செய்கிறது என்று பார்க்க வந்த இடத்தில், இன்னொரு மருந்து ஏற்கெனவே உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

நாங்கள் கொடுக்கும் மருந்து அசெட்டசோலமைடு. கண் அழுத்த நோய்க்கு மாத்திரையாகத் தருவார்களே, அதேதான். இங்கே ஓட்டத்தை ஒருமுறை அளந்துவிட்டு, டாக்டர் முன்னிலையில் நரம்பு வழியாகச் சுமார் 1 கிராம் ஏற்றி, மறுபடி அளப்போம். அதன் விளைவாக மூளைத் திசுவில் கார்பன் டை ஆக்ஸைடு கூடும், குழாய்கள் விரியும். பெரியவர்களுக்கு 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் போகிறது. மருந்து ஏறிப் பதினைந்து இருபது நிமிடத்தில் அது மூன்றில் ஒரு பங்காவது கூட வேண்டும். கழுத்து ரத்தக் குழாய் அடைத்துக் கிடப்பவருக்கு அந்தப் பக்கம் ஓட்டம் கூடுவதில்லை. குழாய் ஏற்கெனவே முழுக்க விரிந்துதான் சமாளித்துக்கொண்டிருக்கிறது, இனி விரிய இடமில்லை. சிலருக்கு அந்தப் பக்கம் இருந்ததும் குறையும். மேல்மடையை அகலத் திறந்தால் கடைமடை வயல் காய்கிற கதைதான். அடைப்புக்கு ஆபரேஷன் வேண்டுமா என்று யோசிக்கும் டாக்டர் பார்க்க விரும்புவது இந்த இடத்தைத்தான்.

அளப்பதற்கு நாங்கள் சாயம் எதுவும் ஏற்றுவதில்லை. கழுத்து வழியாக ஏறும் ரத்தத்தின் தண்ணீருக்கே ரேடியோ அலையால் ஓர் அடையாளம் போட்டுவிட்டு, அது மூளைக்குள் போய்ச் சேரும்வரை காத்திருந்து படம் எடுப்போம். அடையாளம் போடாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது ஓட்டம். 1992 முதல் இருக்கும் முறை. நோயில்லாதவர்களில் 70 வயதுக்குக் கீழே 1.8 நொடி, அதற்கு மேலே 2 நொடி காத்திருப்பது வழக்கம், ஏனென்றால் வயதானவர்களின் ரத்தம் மெதுவாக வந்து சேரும்; நோயாளிகளான பெரியவர்களுக்கு எந்த வயதிலும் 2 நொடி. இதில் உயிரை வாங்குவது என்னவென்றால், கழித்து மிஞ்சும் அந்தத் துளி மொத்த சிக்னலில் 1 சதவீதம் அளவுதான். அதனால் நாலைந்து நிமிடம் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போடுகிறோம். அதற்குள் ஒரு இருமல் வந்தால் போச்சு.

இருமல்கூடப் பரவாயில்லை. அசெட்டசோலமைடு சிறுநீரைப் பெருக்கும். ஊசிக்கு முன் எடுக்கும் முதல் ஓட்டப் படத்துக்கும் பின் எடுக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையில் ஆளை மேசையிலிருந்து இறக்கினால் தலை அதே இடத்தில் திரும்ப உட்காராது. ஆகவே உள்ளே படுக்கும் முன்பே, "அண்ணே, வருதோ வரலியோ ஒருதடவை ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருங்க" என்று அனுப்பிவிடுவேன். பெரியவர்கள் சிலர் இதைக் கேட்டு முறைப்பார்கள். விரல் நுனியும் உதடும் மரத்தது போலக் குறுகுறுக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வாதம் வந்துவிட்டது என்று பயந்து கையில் இருக்கும் பஸ்ஸரை அமுக்குவார்கள்.

பயம் தனி விஷயம். குழலுக்குள் போனதும் சிலர் வேகவேகமாக மூச்சு விடுவார்கள். அப்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு இறங்கும். அதன் அழுத்தம் 1 மி.மீ. பாதரச அளவு மாறினாலே ஓட்டம் சுமார் 3 சதவீதம் மாறும். முதல் படத்தில் பயந்து, இரண்டாவது படத்துக்குள் பழகிவிட்டால், மருந்து செய்யாததையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். எனவே முதல் ஓட்டப் படத்தை நான் அவசரப்பட்டு எடுப்பதில்லை. மற்ற படங்களை முதலில் முடித்து, சத்தம் காதுக்குப் பழகி, மூச்சு நிதானப்பட்ட பிறகுதான்.

சரி, சாயாவை முந்தைய நாளே நிறுத்தச் சொல்லிவிடலாமே என்றால், சொல்கிறோம்தான். ஆனால் தினமும் ஐந்தாறு முறை குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் குழாய்கள் வழக்கத்தைவிட விரிந்து ஓட்டம் கூடும், தலைவலியும் வரும். அப்புறம் அவருடைய இயல்பு நிலை எது? குடித்த நிலையா, நிறுத்திய நிலையா? எனக்குக் குடித்த நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் எழுதிவைப்பதுதான் நேர்மையாகப் படுகிறது. கூடவே ஹீமோகுளோபின் அளவையும் குறிப்பேன், சோகை இருந்தால் ஓட்டம் தானாகவே கூடியிருக்கும்.

கடைசியில் வண்ணம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக நிற அளவைப் போட்டுவிடும். அப்படியே பிரிண்ட் எடுத்தால் ஊசிக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி சிவந்து நிற்கும், மருந்து ஒன்றுமே செய்யாதது போல. இரண்டுக்கும் ஒரே அளவைக் கையால் வைத்து, ஒரே ஃபிலிமில் பக்கத்தில் பக்கத்தில் போடுவேன். கூட வந்தவர்கள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இந்தப் பக்கம் இவ்ளோ சிவப்பா இருக்கே, ரத்தக்கசிவா?" என்று பதறுவார்கள். இந்தப் படத்தில் சிவப்பு என்றால் ரத்தம் நன்றாகப் போகிறது என்று அர்த்தம், கசிவு இல்லை என்பேன். உடனே நீலத்தைக் காட்டி, "அப்போ இது?" என்பார்கள். அதை டாக்டர்தான் சொல்லுவார் என்று கவரைக் கையில் கொடுத்துவிடுவேன்.