டக்கார் (செனகல்) நாட்குறிப்பு: செம்மண்ணும் விசாவும்

நவம்பர் 12, 2024
தியஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து, படம் வரைய, செம்மண் மூட்டை வந்து இறங்கியது. சலித்து, வேலம்பிசின் கரைசலில் குழைத்து, காக்கித் துணியில் பூசினேன். ஈரம் இருக்கும்வரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் செச்சியா தொப்பிச் சிவப்பு அப்படியே நிற்கிறது. காய்ந்தால் பழுப்பு. பிசின் கூடினால் வெடிக்கிறது, குறைந்தால் விரல் பட்டாலே உதிர்கிறது. “பேசாமல் அக்ரிலிக் வாங்கேன் அண்ணா” என்கிறான் தம்பி.

நவம்பர் 14
பாரீஸ் கண்காட்சிக்குப் போகக் கேட்ட விசா பற்றித் தகவல் இல்லை.

நவம்பர் 16
பாரீஸ் கண்காட்சிக்காரர் மறுபடி போன். ஒரு படத்திலாவது முகம் இருக்கட்டுமே என்கிறார். முகத்துக்கு எங்கே போவேன்? 1944 டிசம்பர் 1-ல், டக்கார் பக்கத்துத் தியாரோய் முகாமில், சம்பளப் பாக்கி கேட்ட அந்தச் சிப்பாய்களைப் பிரெஞ்சு ராணுவமே சுட்டது. செத்தவர்களின் முழுப் பட்டியலே வெளியில் இல்லை. செத்தவர்கள் 35 என்றது ராணுவம். அதே ராணுவத்தின் இன்னொரு தாளில் 70. இரண்டுமே குறைவு என்கிறார்கள் ஆய்வாளர்கள். எங்கே புதைத்தார்கள் என்பதும் உறுதியில்லை. இந்த நிலையில் நான் கண்ணும் மூக்கும் வைத்தால், அது நானாகக் கட்டிவிட்ட ஆள். ஆளுக்கொரு கோடுதான் போடுவேன். எத்தனை கோடு என்று மட்டும் கேட்காதீர்கள், ராத்திரியெல்லாம் அதுதான் ஓடுகிறது. 35-ல் நிறுத்தினால் அவர்கள் கணக்கை நான் ஒத்துக்கொண்ட மாதிரி.

நவம்பர் 17
ஓட்டுப் போட்டேன். நல்ல வெயில்.

நவம்பர் 21
1944-ல் இதே தேதியில்தான் அந்தச் சிப்பாய்களை ஏற்றிய கப்பல் பிரான்சிலிருந்து டக்கார் வந்தது. ஜெர்மன்காரர்களிடம் கைதியாக இருந்த காலத்துச் சம்பளப் பாக்கியைத்தான் கேட்டார்கள். பிரான்சில், மோர்லே துறைமுகத்திலேயே முந்நூறு பேருக்கு மேல், காசு வராமல் ஏறமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். தாத்தாவும் அதில் ஒருவர் என்பாள் அம்மா. இன்று கேட்டால், “பென்ஷன் பென்ஷன் என்று புலம்புவார், வேறென்ன” என்கிறாள். பிரெஞ்சுக்காரச் சிப்பாய்க்கு ஏறிக்கொண்டே போன பென்ஷன், சுதந்திரத்துக்கு அப்புறம் இவர்களுக்கு மட்டும் பழைய தொகையிலேயே நின்றுபோனது. அது சரியாவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நவம்பர் 24
மறுபடி வெடிப்பு. விசா ஆபீஸில் போனை எடுப்பதே இல்லை.

நவம்பர் 28
பிரெஞ்சு ஜனாதிபதி மாக்ரோன் நம் ஜனாதிபதிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தியாரோயில் நடந்தது படுகொலைதான் என்று ஒருவழியாக வாயில் வந்துவிட்டது. ஜூலையில், அங்கே செத்தவர்களில் ஆறு பேரை மட்டும் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தவர்கள்’ என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் யாருக்காகச் செத்தார்களாம்? நாள் முழுக்க ரேடியோ. வேலை ஓடவில்லை.

டிசம்பர் 1
எண்பதாம் ஆண்டு. தியாரோயில் ஒரே கூட்டம், ஜனாதிபதிகள், கறுப்புக் கார்கள். கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக வெள்ளைக் கல்லறைகள், ஒன்றிலும் பெயர் இல்லை. அடியில் ஆள் இருக்கிறார்களா என்பதே சந்தேகம். தோண்டிப் பார்க்க வேண்டியதுதானே! எனக்கு இன்னொன்றும் உறைத்தது: இங்கே செம்மண்ணே கிடையாது, வெறும் மணல். வெளியே சாலையோரத்தில் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டேன்.

டிசம்பர் 2
செம்மண்ணில் அந்த மணலைக் கலந்து பூசினேன். வெடிக்கவில்லை! சிவப்பு இன்னும் மங்கிவிட்டது. மங்கட்டும். கோடுகளைத் துணியின் விளிம்புவரை இழுத்து, மடித்துப் பின்பக்கமும் கொண்டுபோனேன். எண்ண வருகிறவர்கள் துணியைப் புரட்டித்தான் எண்ண வேண்டும்.

டிசம்பர் 4
பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். விசா உண்டா இல்லையா என்று போனில் சொல்ல மாட்டார்களாம். நாளைக் காலை எட்டு மணிக்கு.