பிள்ளையின் முதல் காரும் 130 என்ற வரம்பும்

சிட்னியின் மேற்கே, தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் வட்டாரத்தில், பதினேழு வயதை எட்டும் பிள்ளை இருக்கிற வீடு ஒவ்வொன்றிலும் இப்போது ஒரு கேள்வி எழுகிறது: ஓட்டுநர் தேர்வில் தேறி, புதிய ஓட்டுநருக்கான முதல் கட்டத் தற்காலிக உரிமமான சிவப்பு ‘பி’ கிடைத்ததும் எந்தக் காரை ஓட்டக் கொடுப்பது? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பதினெட்டு வயதில் உரிமம் வாங்கியவர் அன்று மாலையே வீட்டிலிருக்கும் எந்தக் காரையும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். எஞ்சின் எவ்வளவு வலுவானது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் புதிய ஓட்டுநர்களுக்குச் சில வகைக் கார்களையே தடை செய்திருக்கிறது என்பது காரை வாங்கிய பிறகுதான் பல நேரங்களில் தெரியவருகிறது.

சட்டம் கேட்கும் கணக்கு எளிது. எஞ்சினின் உச்சத் திறனைக் கிலோவாட்டில் எடுத்து, காரின் வெற்று எடையை டன்னில் எடுத்து வகுக்க வேண்டும். விடை 130-ஐத் தாண்டினால், முதல் ஓராண்டுக்கான சிவப்பு ‘பி’யில் இருப்பவரும் சரி, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான பச்சை ‘பி’யில் இருப்பவரும் சரி, அந்த வண்டியை ஓட்டக் கூடாது. எஞ்சினின் திறனைக் கூட்டும்படி மாற்றி அமைக்கப்பட்ட வண்டிகளுக்கும் தடை உண்டு. மீறிப் பிடிபட்டால் அபராதத்தோடு ஏழு குற்றப் புள்ளிகள் விழும். சிவப்பு ‘பி’ ஓட்டுநர் நான்கு புள்ளிகளை எட்டினாலே உரிமம் நிறுத்தி வைக்கப்படும் என்பதால், ஒரே முறை பிடிபடுவதே போதும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது வழிவகுக்கும்.

என் மகள் அடுத்த மாதம் தேர்வுக்குப் போகிறாள். பகலும் இரவுமாக, 20 மணி நேர இரவு ஓட்டம் உட்பட 120 மணி நேர ஓட்டப் பயிற்சியை அவளுடைய லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) நிரப்பியாகிவிட்டது. கார் தேடி நாங்கள் போன ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில், “நாலு சிலிண்டர் வண்டிதான், பயப்படாமல் வாங்குங்கள்” என்று விற்பனையாளர் மிகுந்த உறுதியோடு சொன்னார். “அப்பா, சிலிண்டர் எத்தனை என்பது கணக்கிலேயே கிடையாது” என்று மகள் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, போக்குவரத்துத் துறையின் இணையதளத்தைக் கைபேசியில் திறந்து, கார் தயாரான ஆண்டு, நிறுவனம், மாடல், அதற்குள் எந்த வகை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்த்தாள். அவள் சொன்னதுதான் சரி. நாலு சிலிண்டர் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்., 197 கிலோவாட் திறனும் ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடையுமாக 130-ஐத் தாண்டிவிடுகிறது. குடும்பக் கார் என்று நாம் நினைக்கும் டொயோட்டா கேம்ரியிலேயே, நாலு சிலிண்டர் வகை 90-ஐ ஒட்டி நிற்க, 224 கிலோவாட் வி6 (ஆறு சிலிண்டர்) வகை 140-ஐ நெருங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கேம்ரிதான். ஆகவே பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு யாரும் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

சிலிண்டரைப் பற்றிய அந்த நம்பிக்கை வெறும் கட்டுக்கதையும் அல்ல. 2005-இல் இங்கே தடை வந்தபோது அது எஞ்சினின் வகையைப் பார்த்துத்தான் விதிக்கப்பட்டது: எட்டு சிலிண்டர் கூடாது, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தி வலுவைக் கூட்டும் டர்போவும் சூப்பர்சார்ஜரும் கூடாது. பின்னாளில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகவே சிறிய கார்களில் டர்போ பொருத்தத் தொடங்கியதும், அந்த விதி சாதுவான வண்டிகளையும் சேர்த்துத் தடுத்தது. அதனால் 2014 ஆகஸ்டில் திறனையும் எடையையும் ஒப்பிடும் இப்போதைய முறைக்கு மாறினார்கள். விக்டோரியாவும் குயின்ஸ்லாந்தும் இதே 130-ஐத்தான் வைத்திருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் இப்படியொரு தடையே இல்லை.

இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 130-க்குக் கீழே இருக்கிறது என்ற ஒன்றையே பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. எடையால் வகுக்கும் கணக்கில், வண்டி கனமாகக் கனமாக விடை சிறியதாகிக்கொண்டே போகும். 200 கிலோவாட் டீசல் எஞ்சினும் இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட லேண்ட் குரூசர் 80-ஐக்கூடத் தொடாது. நேற்று உரிமம் வாங்கிய பதினேழு வயதுப் பிள்ளை அதைச் சட்டப்படியே ஓட்டலாம். அதைச் சட்டென்று நிறுத்துவதும், பள்ளி வாசலில் பின்னோக்கி எடுப்பதும் பழகாத கைக்கு எவ்வளவு கடினம் என்பதோ, எதிரே வரும் சிறிய காருக்கோ நடந்து போகிறவருக்கோ அந்த எடை என்ன செய்யும் என்பதோ இந்தக் கணக்கில் வருவதில்லை. மின்சாரக் கார்களிலும் இதே நிலைதான். பேட்டரியின் பாரம் விகிதத்தைத் தாழ்த்திக் காட்டுகிறது, ஆனால் கால் வைத்த மாத்திரத்தில் முழு இழுவிசையும் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. இத்தாலி இதைக் கூடுதலாக யோசித்திருக்கிறது. 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட அந்நாட்டு விதி, முதல் மூன்று ஆண்டுகளுக்கு டன்னுக்கு 75 கிலோவாட் என்று சாதாரணக் கார்களுக்கு வரம்பு வைத்ததோடு, மொத்தத் திறனும் 105 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. இங்கேயும் அப்படியொரு இரண்டாவது வரம்பு வர வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு பக்கம், வீட்டிலேயே மிகப் பழைய காரைப் பிள்ளைக்குத் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. புதுக் கை, எப்படியும் எங்காவது உரசும், பழையதாகவே இருக்கட்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வீட்டில் அனுபவம் மிகக் குறைந்தவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைந்த வண்டி போய்ச் சேர்கிறது. வழுக்கும் சாலையில் வண்டி தடம் மாறிச் சுழலாமல் காக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் புதிய பயணியர் கார்கள் அனைத்துக்கும் 2013 நவம்பரில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் அது இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டு அறிய வேண்டும். மொனாஷ் பல்கலைக்கழகத்தின் விபத்து ஆய்வு மையம் பழைய கார்களுக்கான பாதுகாப்பு மதிப்பீட்டைத் தொடர்ந்து கணித்துவருகிறது. நாங்கள் விலைப் பட்டியலுக்கு முன்னால் அதைத்தான் பார்த்தோம்.

காருக்குள் யார் உட்காருகிறார்கள் என்பதையும் சட்டம் பார்க்கிறது. 25 வயதுக்குட்பட்ட சிவப்பு ‘பி’ ஓட்டுநர், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை, 21 வயதுக்குக் குறைந்தவர்களில் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. கல்யாண வரவேற்பு முடிந்து மண்டபத்தை விட்டு எல்லாரும் வெளியேறும் நேரத்தில், “நீ அண்ணாவோட வண்டியில ஏறிக்கோ” என்று அத்தைமார்களும் சித்திமார்களும் பிள்ளைகளை மொத்தமாக ஏற்றிவிடுவது நம் வழக்கம். கூட வருபவர்களின் சிரிப்பும் பாட்டும் புது ஓட்டுநரின் கவனத்தை எவ்வளவு இழுக்கும் என்பது ஓட்டியவருக்குத் தெரியும். மறுக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைக்காகப் பெரியவர்கள்தான் முன்னே வந்து “வேண்டாம்” என்று சொல்ல வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு விதி வேறு: புதியவர்கள் 660 சிசி-க்கு உட்பட்டதும், ஓட்டுபவரின் எடைக்காக 90 கிலோ சேர்த்துக் கணக்கிட்டு டன்னுக்கு 150 கிலோவாட்டைத் தாண்டாததுமான வண்டிகளையே ஓட்டலாம். சென்னையை அடுத்த ஆலைகளிலிருந்து வரும் ராயல் என்ஃபீல்டு 650 வண்டிகள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால், இங்கே கற்றுக்கொள்பவர்கள் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள்.

ஊரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஊரில் உரிமம் வாங்கி மூன்று ஆண்டுகள் நிறையாமல் இங்கே மாற்றிக்கொள்பவருக்குப் பெரும்பாலும் ‘பி’ உரிமமே கிடைக்கும். அவருக்கு வயது முப்பதானாலும் கார்த் தடை அப்படியே பொருந்தும். வேலை நிமித்தம் தடை செய்யப்பட்ட வண்டியை ஓட்டியே தீர வேண்டியவர் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை அந்த வண்டியைத் தொடக் கூடாது, வந்த பிறகு அந்த வண்டியை ஓட்டும்போதெல்லாம் கடிதத்தை உடன் வைத்திருக்க வேண்டும்.