உண்மையான மெயிலை ஃபிராடு என்றார், பொய்யான கடிதத்துக்குப் பணம் கட்டினார்

"தம்பி, எனக்கு ஏதோ ஃபிராடு மெயில் வந்திருக்கு. டொமைனை யாரோ மாத்துறாங்களாம், வேண்டாம்னா லிங்க்கை அமுக்கணுமாம். நான் அமுக்கல. எதுக்கும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன், பாருங்க."

இணையதளங்களை உருவாக்கிப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். நாற்பது சொச்சம் வாடிக்கையாளர்கள், எல்லோரும் சிறிய அளவில் தொழில் செய்பவர்கள். அழைத்தவர் அவர்களிலேயே பழையவர். 2011இல் அவருடைய டாட் காம் பெயரை நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். அவர் அனுப்பிய மெயிலைத் திறந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது ஃபிராடு மெயிலே இல்லை. டொமைன் பதிவாகியிருக்கும் நிறுவனம், அதாவது ரெஜிஸ்ட்ரார், நிஜமாகவே அனுப்பியது. இந்தப் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றச் சொல்லிக் கோரிக்கை வந்திருக்கிறது, ஐந்து நாட்களுக்குள் மறுக்காவிட்டால் மாற்றம் நடந்துவிடும் என்று அதில் இருந்தது. தேதியைப் பார்த்தேன். நான்காவது நாள் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், டொமைன் விஷயமா சமீபத்துல எங்கயாவது பணம் கட்டினீங்களா?"

"கட்டினேனே. ரினியூவல் லெட்டர் வந்துச்சு, தபால்ல. உங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்னு நானே கட்டிட்டேன்."

லிங்க்கை அமுக்கச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பணம் கட்டச் சொன்ன கடிதத்தை நம்பியவர், பணத்தைக் காப்பாற்ற வந்த மெயிலைக் கண்டு பயந்தார். கடைசியில் மெயிலில் இருந்த லிங்க்கைத் தொடாமல், ரெஜிஸ்ட்ராரின் தளத்துக்கு நேராகப் போய் அவருடைய கணக்கில் நுழைந்து அங்கிருந்தே மாற்றத்தை மறுத்தோம். எப்போதும் அதுதான் நல்ல வழி என்பதால் அவருடைய பிடிவாதத்தைக் குறை சொல்ல முடியவில்லை.

மறுத்த கையோடு மூன்று வேலைகள் செய்தேன். டொமைன் இடம் மாறாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக்கை மறுபடி போட்டேன். அவர் கொடுத்துவிட்டிருந்த ஆத் கோட், அதாவது டொமைனை மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு, இனிச் செல்லாதபடி புதிதாக ஒன்றை உருவாக்கினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். இரண்டு நிமிடம் கழித்துப் பதிவு விவரத்தைத் தேடிப் பார்த்தபோது 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்' என்ற வரி திரும்ப வந்திருந்தது. அந்த வரி இருக்கும்வரை டொமைன் நகராது.

லாக் எப்படி விலகியது, ஆத் கோட் எப்படி அவர்கள் கைக்குப் போனது என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. கேட்டேன். பணம் கட்டிய மறுநாளே படங்களோடு ஒரு வழிகாட்டி வந்ததாம். உங்கள் பழைய கணக்கில் நுழையுங்கள், இங்கே இந்தப் பூட்டைத் திறங்கள், இந்தப் பொத்தானை அழுத்தினால் ஒரு குறியீடு வரும், அதை எங்களுக்கு அனுப்புங்கள். இவர் ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். அவ்வளவு தெளிவான வழிகாட்டியை நான்கூட என் வாடிக்கையாளர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

பிறகு அந்தக் கடிதம். ஏதோ அரசு அலுவலகத்திலிருந்து வந்தது போன்ற பெயரும் சின்னமும். நடுவில் அவருடைய டொமைன் பெயர், சரியான காலாவதி தேதி, 'பதில் அனுப்பக் கடைசி நாள்' என்று தடித்த எழுத்து, கீழே கிழித்து அனுப்பும் சீட்டு. ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம் என்று கட்டங்கள். ஐந்து வருடத்துக்கு நேரே 'சிறந்த சலுகை'. அவர் வழக்கமாகக் கட்டுவதைப்போல மூன்று மடங்குத் தொகை. பின்பக்கம் வெளிறிய சாம்பல் எழுத்தில் ஒரு பத்தி: இது பில் அல்ல, உங்கள் டொமைனை எங்களிடம் மாற்றிக்கொள்வதற்கான அழைப்பு, ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அந்த ஒரு பத்தியில்தான் அவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். திருட்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. மாற்றம் முடிந்திருந்தாலும் டொமைன் இவர் பெயரில்தான் இருந்திருக்கும், காலாவதி தேதியில் ஒரு வருடம் கூடியிருக்கும். ஆனால் மும்மடங்கு கட்டிக்கொண்டு, 60 நாட்களுக்கு அங்கிருந்து வெளியே வரவும் முடியாமல் மாட்டியிருப்பார். தளமும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று காட்டும் டிஎன்எஸ் அமைப்பு பழைய ரெஜிஸ்ட்ராரிடம் இருந்ததால் ஒரு நாள் காலையில் தளமும் மெயிலும் சேர்ந்து நின்றுபோயிருக்கவும் கூடும்.

கடிதத்தில் என்னை உட்கார வைத்தது முகவரி. அது அவர் 2016இலேயே காலி செய்துவிட்ட அலுவலகம். இப்போது அங்கே இருப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதோடு தெருப் பெயரில் ஓர் எழுத்து குறைந்தது. அந்தப் பிழை என்னுடையது. 2011இல் படிவத்தை நிரப்பும்போது அவசரத்தில் விட்ட எழுத்து, பிறகு திருத்தவே இல்லை. டொமைன் உரிமையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அப்போது ஹூஇஸ் என்ற பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தன. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் அவற்றை மறைத்தார்கள். அதற்குள் அள்ளி வைத்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். காலாவதி தேதியும் ரெஜிஸ்ட்ராரின் பெயரும் இன்றும் வெளிப்படையாகவே இருக்கின்றன. பழைய முகவரியையும் புதுத் தேதியையும் சேர்த்தால் கடிதம் தயார். இத்தனை வருடம் கழித்து என் எழுத்துப்பிழை தபால் தலை ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

இது புதுத் தந்திரமும் இல்லை. இதே மாதிரிக் கடிதங்களுக்காக டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2003லேயே வழக்குப் போட்டது. 2014இல், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு, இதே கடிதங்களோடு தொடர்புடைய பிராண்டன் கிரே இன்டர்நெட் சர்வீசஸ் என்ற ரெஜிஸ்ட்ராரைப் புதுப் பதிவுகளும் இடமாற்றங்களும் எடுக்கக்கூடாது என்று 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. அதன் பிறகும் கடிதங்கள் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பணத்தைத் திரும்ப வாங்குவது தனிக் கதை. கார்டில் கட்டியிருந்தார். வங்கியில் முதலில், "நீங்களே கட்டியிருக்கிறீர்கள், இது மோசடிப் பரிவர்த்தனை ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. மோசடி என்ற பிரிவை விட்டுவிட்டு, 'கட்டிய பணத்துக்கான சேவை கிடைக்கவில்லை' என்ற பிரிவில் டிஸ்ப்யூட் எழுதிக் கொடுத்தோம். கடிதத்தின் இரண்டு பக்கப் படமும், மாற்றம் மறுக்கப்பட்டதற்கான ரெஜிஸ்ட்ராரின் மெயிலும், டொமைன் பழைய இடத்திலேயே இருப்பதைக் காட்டும் பதிவு விவரமும் இணைத்தோம். அந்த நிறுவனத்துக்கும் ரத்து செய்யச் சொல்லி ஒரு மெயில் அனுப்பி, அதன் நகலையும் வைத்தோம். பதில் வரவில்லை, வராததே எங்களுக்குச் சாதகமாயிற்று. ஏழு வாரம் ஆனது, பணம் வந்தது.

மற்ற வாடிக்கையாளர்களை எச்சரிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அங்கேதான் நான் சொதப்பினேன்.

'அவசரம்: உங்கள் டொமைன் பெயர் குறித்த முக்கிய எச்சரிக்கை' என்று தலைப்பு வைத்து எல்லோருக்கும் ஒரே மெயில். சிவப்பு எழுத்து, போலிக் கடிதத்தின் படம், மேலும் அறிய ஒரு லிங்க். அனுப்பி அரை மணி நேரத்தில் ஒருவர் அழைத்தார்: "சார், உங்க பேர்ல யாரோ ஃபிராடு மெயில் அனுப்பிட்டு இருக்காங்க, கவனிச்சீங்களா?" இன்னொருவர் படத்தில் இருந்த கடிதத்தைப் பில் என்று நினைத்து, எங்கே கட்ட வேண்டும் என்று கேட்டார்.

ஒரு நன்மை நடந்தது. சந்தேகமாக எது வந்தாலும் எனக்கு அனுப்பச் சொல்லியிருந்ததால் ஒன்பது பேர் அனுப்பினார்கள். இரண்டு தபால்கள். 'உங்கள் பெயரை சீனாவின் டாட் சிஎன்னில் வேறொரு நிறுவனம் பதிவு செய்யப் போகிறது, முன்னுரிமை உங்களுக்குத் தருகிறோம்' என்ற வகையில் மூன்று. மிச்ச நான்கும் டொமைன் காலாவதி அறிவிப்பு மாதிரியே இருக்கும் மெயில்கள். நிதானமாகப் படித்தால் காலாவதியாவது டொமைன் இல்லை, 'தேடுபொறிப் பதிவு' என்ற ஒன்று. அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. கூகுளில் வருவதற்கு யாருக்கும் வருடச் சந்தா கட்ட வேண்டியதில்லை. இந்த நான்கு பேரில் ஒருவர் இரண்டு வருடமாகக் கட்டி வந்திருக்கிறார். "அது இல்லாமதான் நம்ம சைட் முன்னாடி வரலைன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

ஆறு வாரம் கழித்து இன்னொருவரின் தளம் நின்றது. தளத்தை அவர் கவனிக்கவில்லை, இரண்டு நாளாக மெயில் வரவில்லை என்றுதான் அழைத்தார். டொமைன் காலாவதியாகியிருந்தது. கார்டு மாறியதால் தானியங்கிப் புதுப்பித்தல் நடக்கவில்லை. ரெஜிஸ்ட்ரார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டியிருக்கிறார். ஐகேன் விதிப்படி அது கட்டாயம். காலாவதியான பிறகும் ஒன்று போயிருக்கிறது. மூன்றையும் இவர் அழித்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"நீங்கதானே சார், டொமைன் ரினியூவல்னு எது வந்தாலும் நம்பாதீங்கன்னு சொன்னீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. நல்லவேளை, இன்னும் சலுகைக் காலம் இருந்ததால் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க முடிந்தது. அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம். அதையும் தாண்டினால் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்று இரவு என் எச்சரிக்கையை மறுபடி படித்தேன். எதை நம்பக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எதை நம்பலாம் என்று ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் இந்தக் கடிதங்கள் பலிப்பதற்குக் காரணம், தன் டொமைன் யாரிடம் இருக்கிறது என்பதே பெரும்பாலான உரிமையாளர்களுக்குத் தெரியாது என்பதுதான். தெரியாமல் வைத்திருந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள். 'நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லிச் சொல்லியே வருடங்களை ஓட்டினோம். யாருக்குக் கட்டுகிறோம் என்று தெரியாதவர், கேட்கிறவருக்குக் கட்டுகிறார்.

இரண்டாவது முறை பொது மெயில் அனுப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் முதலில் போன் செய்துவிட்டு, தனித்தனியாக எழுதினேன். படம் இல்லை, லிங்க் இல்லை, அவசரம் என்ற சொல்லும் இல்லை. நான்கே விவரம்: உங்கள் ரெஜிஸ்ட்ராரின் பெயர் இது, காலாவதி தேதி இது, நினைவூட்டல் இந்த மெயில் முகவரியிலிருந்துதான் வரும், பணம் இந்தக் கார்டிலிருந்து தானாகப் போகும். வருகிற எதுவும் இந்த நான்கோடு ஒத்துப்போகாவிட்டால் கட்டுவதற்கு முன் என்னை அழையுங்கள். அச்செடுத்து பில் போடும் இடத்தில் ஒட்டிவைக்கச் சொன்னேன், ஏனென்றால் தபாலைப் பிரிப்பது பெரும்பாலும் முதலாளி இல்லை, கணக்குப் பார்ப்பவர்.

மூன்று மாலைகள் பிடித்தன. இவற்றைத் திரட்டும்போது கூச்சமான ஓர் உண்மையும் தெரிந்தது: இரண்டு டொமைன்கள் வாடிக்கையாளர் பெயரிலேயே இல்லை, என் பெயரில் இருந்தன. அந்தக் காலத்தில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அப்படிப் பதிவு செய்துவிட்டேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அவர்கள் தங்கள் பெயரைக் கேட்டு வாங்க வழியில்லை. உடனே உரிமையாளர் பெயர் மாற்றத்தைத் தொடங்கினேன். புது உரிமையாளரும் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பதால் ரெஜிஸ்ட்ரார் அவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பும்.

மறுநாள் காலை அவர்களில் ஒருவர் அழைத்தார்.

"சார், டொமைன் ஓனர் மாறுதுன்னு ஒரு மெயில் வந்திருக்கு. அனுப்பினவங்க முகவரி நீங்க எழுதினதுதான். ஆனா ஓனர் மாறும்னு நீங்க அதுல எழுதலையே. அமுக்கலாமா?"

சரிதான். அதைச் சொல்ல மறந்திருந்தேன்.