மாவுக்கட்டும் காவடியும்

ஜனவரி 28, 2025, செவ்வாய்

மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டுமாம். வலது கையில் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிகின்றன. பூசம் பிப்ரவரி 11. கணக்குப் போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. இந்தத் தடவை காவடி என் கைபடாமல்தான் போகப்போகிறது.

இடது கட்டைவிரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 29, புதன்

மொரிஷியஸ் முழுக்கச் சீனப் புத்தாண்டு விடுமுறை. காலையிலிருந்து பட்டாசு. விடுமுறை நாளில் தன் மருத்துவ ரிப்போர்ட் எப்படி வரும் என்று அத்தையே என்னைத் தேற்றுகிறார். நான் அல்லவா அவரைத் தேற்ற வேண்டும்?

பிப்ரவரி 1, சனி

அடிமை முறை 1835இல் ஒழிந்த நாள். இன்றும் விடுமுறை. கத்ர் போர்ன் சந்தைக்கு இவரும் மகளும் போனார்கள். கத்தரிக்காய் ஒன்று பெரிது, ஒன்று சுண்டுவிரல் அளவு. நானாக இருந்தால் ஒவ்வொன்றையும் காம்போடு திருப்பிப் பார்த்திருப்பேன். சௌசௌ நன்றாகவே இருந்தது. முருங்கைக்கீரையை இங்கே ப்ரேட் முரும் என்பார்கள். அதில் பாதி பழுப்பு இலை. அத்தை உட்கார்ந்து ஆய்ந்தார், பழுத்ததையும் சேர்த்தே. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கீரை மணமாகத்தான் இருந்தது.

மத்தியானம் நாத்தனார் மகன் வந்து பரணிலிருந்து காவடியை இறக்கினான். பழைய கயிற்றை அறுத்துவிட்டு வளைவைப் புதிதாகக் கட்டினான். எட்ட நின்று பார்த்தேன். இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. சொன்னேன். அவனும் எட்ட வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கொரெக், தாந்த்" என்றான், சரியாக இருக்கிறதாம். அவன் கண்ணுக்கு அது நேராகத் தெரிகிறது போல. போய்விட்டான்.

இரவு விளக்கணைத்த பிறகும் போய்ப் பார்த்தேன். தாழ்ந்துதான் இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கொடியேற்றம். இவருக்குக் காப்புக் கட்டினார்கள். பத்து நாள் விரதம் தொடங்கிவிட்டது.

கோவிலில் பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். தமிழ்ப் பாட்டு, பிரெஞ்சு எழுத்தில். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, எண்பது வயதிருக்கும், எழுத்தின் மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பாடினார். ழகரம் இல்லை, றகரம் இல்லை, சொல்லைப் பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்கவில்லை. வந்த புதிதில் இது எனக்குக் காதில் மணல் விழுந்த மாதிரி இருக்கும். இன்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் தேய்ந்த விரல். கரும்புக் காட்டில் வேலை செய்த கை என்று அத்தை பிறகு சொன்னார். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களின் பேத்தி. பள்ளியில் அவருக்கு யாரும் தமிழ் சொல்லித் தரவில்லை. மொழி கைவிட்டுப் போன பிறகும் பாட்டை விடவில்லை. அதில் நான் எந்த எழுத்தைத் திருத்துவது?

பிப்ரவரி 4, செவ்வாய்

ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

மகள் ரெதுயியில் உள்ள பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு ஆய்வைப் படித்துக் காட்டினாள். தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இருவர் எழுதி 2019இல் வெளிவந்தது. 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்று நாடுகளிலும் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரின் பதில்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறார்களாம். தன்னிடம் தானே எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. அந்தக் காலத்தில் முதலாவது 10 சதவீதம் கூடியிருக்கிறது, இரண்டாவது 16. மூன்றாவதுதான் 33.

"நீ எது அம்மா?" என்று கேட்டாள்.

முதலாவது என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவள் தூங்கின பிறகு யோசித்தால் அப்படித் தோன்றவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, விளக்கு எந்தத் திசை, தாம்பூலத்தில் எத்தனை வெற்றிலை, கோலத்தில் காவி வேண்டுமா என்று தெருவே என்னைக் கேட்டது. கும்பகோணத்துப் பெண், இவளுக்கு எல்லாம் சரியாகத் தெரியும் என்றார்கள். எனக்கு அப்போது பாதி தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பிறகு அதுவே வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், வீட்டில் தமிழ் டீச்சர், கோவிலிலும் தமிழ் டீச்சர். கொஞ்சம் பிசகினால் கும்பகோணமே தலைகுனிந்துவிடும் என்பதுபோல.

ஆனால் அத்தை மட்டும் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் விளக்கு அவர் வைக்கிற திசையிலேயே எரிகிறது. இதை இத்தனை வருஷம் நான் கவனிக்கவே இல்லையே.

பிப்ரவரி 7, வெள்ளி

இடது கையால் கோலம் போட்டேன். புள்ளி நேராக வந்தது, இழை வரவில்லை. அழிக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முழுக்கக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. இவர் சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு, விரதத்தில் இருப்பவன் ருசி பார்க்கக் கூடாதே என்கிறார். காவடிக்கு வாங்கிய காகிதப்பூ வேறு நிறம். துணி அந்தக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, பூ வெளிறிய ரோஜா நிறம். யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறாள் மகள். நான் பார்ப்பேனே! அந்த ஒரு வார்த்தைக்கு அவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அத்தை வந்து இரண்டு பேர் நடுவிலும் உட்கார்ந்து, பூவைக் கையில் எடுத்துப் பார்த்து, "லெஸ் லி கும்சா" என்றார். அப்படியே இருக்கட்டும் என்றால் அப்படியேதான். அந்தப் பூவையே கட்டினோம்.

யாருக்காக நேர்ந்துகொண்டோமோ அவரே பூவைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வந்தது. அதற்குள் மகள் பித்தளைச் செம்புகளைத் தேய்த்துவிட்டாள். இரண்டு செம்பு, காவடியின் இரண்டு முனைக்கும். பளபளவென்று இருக்கின்றன. ஆனால் கழுத்தடியில் ஒரு வளையம் உண்டு. அந்தப் பள்ளத்தில் புளி தங்கும். எப்போதும் ஊக்கின் முனையில் துணியைச் சுற்றிச் சுற்றி எடுப்பேன், பிறகு கொதிக்கிற தண்ணீர், பிறகு வெயில். புளி தங்கினால் பால் திரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதுவும் பிப்ரவரி வெயிலில், மூடிய செம்பில், அத்தனை தூரம். பால் திரிந்தால் விரதம் சரியில்லை என்று ஊர் சொல்லும். இவர் ஒழுங்காக இருந்தாரா, வீட்டுப் பெண்கள் ஒழுங்காக இருந்தார்களா என்று பேச்சு வரும். அத்தையின் ரிப்போர்ட்டோடு முடிச்சுப் போட்டும் பேசுவார்கள். பேசட்டும் என்று விடத் தெரியவில்லை எனக்கு.

"வளையத்துக்கு உள்ளே தேய்த்தாயா?" என்று கேட்டால் அவளுக்கு மறுபடி முகம் வாடும். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் போகும்.

கேட்கவில்லை.

பிப்ரவரி 10, ராத்திரி

எழுந்து போய்ச் செம்பைக் கையில் எடுத்தேன். ஒரு கையால் பிடித்தால் தேய்க்கக் கை இல்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

ஆற்றங்கரையில் விடியுமுன்பே கூட்டம். இவர் நாக்கில் சின்ன வேல், மார்பில் ஊசிகள். கண் வேறெங்கோ போயிருந்தது. காவடியைத் தோளில் ஏற்றினார்கள். இடது பக்கம் தாழ்ந்தே இருந்தது. கிளம்பின பிறகும், வளைவு திரும்பும்போதும், தார் ரோட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பைப்பில் தண்ணீர் பீய்ச்சிக் காலைக் குளிர வைத்தபோதும் தாழ்ந்தே இருந்தது. அவர் இடது கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். நாத்தனார் மகன் பின்னாலேயே ஓடிவந்தான், தாகத்துக்குத் தண்ணீர் கேட்பாரோ என்று. விரதம் இருப்பது இவர், உதடு வெடித்தது அவனுக்கு.

நான் அத்தையோடு கடைசியில் நடந்தேன். என் கட்டு கூட்டத்தில் இடிபடாமல் இருக்கத் தன் முந்தானையால் என் முழங்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நோயாளி அவர். அரோகரா சொன்னார். அவர் சொல்கிற விதத்தில் ரகரம் தொண்டையில் உருளும், பிரெஞ்சுக்காரர் மாதிரி. நானும் கூடவே சொன்னேன்.

கோவிலில் செம்புகளை அவிழ்த்தார்கள். முன்னால் ஒருவர் தலை மறைத்தது. எட்டிப் பார்க்க இடம் இருந்தது, இல்லாமல் இல்லை. குருக்கள் வாங்கி, வரிசையாக வந்த எல்லார் பாலோடும் சேர்த்து வேல் மேல் ஊற்றிவிட்டார். வெள்ளையாக இறங்கியது. எங்கள் பால் எது, பாட்டி வீட்டுப் பால் எது என்று அதில் தெரியவில்லை. திரிந்ததா இல்லையா என்று யாரிடமும் கேட்கவில்லை. மகளிடம் கூட. ஏழு கறிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது. இலையில் பூசணிக்கறி, பலாக்காய், ரசம், பாயசம். ரசத்தில் புளி தூக்கல். இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

இவர் தூங்குகிறார். ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பள்ளியிலிருந்து நோட்டுகள் வந்தன. காவடி பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார் எனக்குப் பதிலாக வந்த டீச்சர். ஒரு பையன், "தாத்தா காவடி தூக்கினார். ரோடு சுட்டுது. நான் அழுவல" என்று மூன்றே வரி எழுதியிருக்கிறான். இடது கையால் 'அழவில்லை' என்று திருத்தி எழுதினேன். அது என் வேலை, அதை விட மாட்டேன். ஆனால் பக்கத்தைக் கிழித்து மறுபடி எழுதச் சொல்கிற வழக்கம் இனி என் வகுப்பில் கிடையாது. பாட்டிக்குக் கிடைக்காத எழுத்து இவனுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் நோட்டில் இருக்கட்டும்.

போன் வந்தது. ரிப்போர்ட் தயாராம், நேரில் வர வேண்டுமாம். இவர் கார் எடுக்கிறார். அத்தை தலை சீவிக்கொண்டிருக்கிறார், வகிடு கோணல். நானும் போகிறேன்.