மாடிக்கு மேல் 13 மீட்டர்: வீடுகளுக்கு நடுவே ட்ரோன் பறக்கவிட்டு முடித்த விதம்

மாடிப்படி ஹெட் ரூமின் மேல்தளத்துக்குப் படி கிடையாது. அதன் மேல் சின்டெக்ஸ் டேங்க், பக்கத்தில் நாலு சோலார் பேனல், தரையில் வெதரிங் டைல்ஸ். டேங்க் மூடி ஒழுங்காக இருக்கிறதா, டைல்ஸ் இடுக்கு எங்கே விட்டிருக்கிறது, பேனலில் எவ்வளவு பறவை எச்சம் என்று பார்க்க ஒரு நானோ ட்ரோன் போதும். பறந்தது மொத்தம் 9 நிமிடம். அதற்கு முந்தைய வேலை இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் பாதி காகித வேலை, மீதி பக்கத்து வீடுகளோடு.

முதலில் எடை. 2021 ஆகஸ்ட் 25 தேதியிட்ட ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. எடை என்பது பறக்கும்போது அதன் மேல் இருக்கும் எல்லாமும் சேர்ந்தது. 249 கிராம் என்று பெட்டியில் போட்டிருக்கும் மாடலில் இறக்கைக் காப்பு வளையம் மாட்டினாலோ, அதிக நேரம் பறக்கும் பெரிய பேட்டரியைப் போட்டாலோ அது மைக்ரோ ஆகிவிடும். சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நானோவுக்கு வகைச் சான்றிதழ் (மாடலுக்கான தரச் சான்று) வேண்டாம், பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. மைக்ரோவை வணிகம் இல்லாமல் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் மற்றவை வந்து ஒட்டிக்கொள்ளும்.

நானோவுக்கு எதுவுமே வேண்டாம் என்று கடையில் சொல்வார்கள். தனி அடையாள எண், அதாவது யு.ஐ.என்., நானோவுக்கும் வேண்டும். படிவம் டி-2, கட்டணம் 100 ரூபாய். அதில் கேட்பது மூன்று சீரியல் எண்கள்: ட்ரோனுடையது, அதன் ஃப்ளைட் கன்ட்ரோலருடையது (உள்ளே பறப்பைக் கட்டுப்படுத்தும் போர்டு), ரிமோட்டுடையது. பெட்டியில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் முதல் எண் மட்டும்தான். மற்றவற்றை ட்ரோனையும் ரிமோட்டையும் ஆன் செய்து, ஆப்பின் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில் பார்க்க வேண்டும். கையால் எழுதினால் பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும் குழம்பும், எனவே காப்பி செய்து ஒட்டுங்கள். பிறகு எப்போதாவது ரிமோட்டோ ஃப்ளைட் கன்ட்ரோலரோ மாற்றினால், 7 நாளுக்குள், அதுவும் அடுத்து பறக்கவிடும் முன், பதிவைத் திருத்த வேண்டும். பழுதுபார்க்கக் கொடுத்து போர்டு மாற்றி வாங்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனாகவோ, பிரித்த உதிரித் தொகுப்பாகவோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. பில் இல்லாமல் கைமாறி வரும் பெட்டியை வாங்கிவிட்டுப் பதிவுக்கு அலைய வேண்டாம்.

அடுத்து வரைபடம். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலம். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலைய வேலியிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்தப் பச்சை 200 அடியோடு நின்றுவிடும். 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள், அதாவது அனுமதி வாங்கித்தான் பறக்க வேண்டும். அதற்கும் உள்ளே சிவப்பு. மீனம்பாக்கம் ஒரு பக்கம், தாம்பரம் விமானப்படை நிலையம் ஒரு பக்கம் என்பதால் தென்சென்னைப் புறநகரில் பலருக்கு இந்த முயற்சி இங்கேயே நின்றுபோகும். கோவையில் பீளமேடும் சூலூரும் அப்படித்தான். ட்ரோன் ஆப் எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை என்பதை நம்ப வேண்டாம். அது அந்தக் கம்பெனி போட்ட வரைபடம், அரசின் வரைபடம் அல்ல.

பறக்கும் நாள் காலையிலும் பார்க்க வேண்டும், விதியே அப்படித்தான் சொல்கிறது. பெரிய தலைவர் வருகை, ஊர்வலம், திருவிழா என்றால் காவல்துறை தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. பார்த்ததை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யு.ஐ.என். பிரின்ட், அடையாள அட்டை, அந்த ஸ்கிரீன்ஷாட், இவை மூன்றும் கையில் இருந்தால் ரோந்து போலீஸ் வந்து கேட்டாலும் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்.

அக்கம்பக்கத்தார் கவலைக்கு வருவோம். 2018 டிசம்பரில் வந்த பழைய நெறிமுறையில் யாருடைய அந்தரங்கமும் பாதிக்கப்படாமல் பார்ப்பது ட்ரோன் ஓட்டுபவர் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. 2021 விதிகளில் அதற்கென்று தனி விதி இல்லை. 2017 ஆகஸ்ட் 24 புட்டசாமி தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் தண்டனை தரும் பிரிவுகள் குறுகலானவை. பாரதிய நியாய சன்ஹிதா 77, பார்க்கப்பட மாட்டோம் என்று நம்பித் தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பது, படமெடுப்பது பற்றியது, முதல் தடவைக்கு 1 முதல் 3 ஆண்டு சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ, ஒருவரின் மறைவான உடல் பகுதியை அவர் சம்மதமில்லாமல் படமெடுப்பது, பரப்புவது பற்றியது, 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் சொந்த உபயோகத்துக்குச் செய்வதைத் தொடுவதில்லை. மாடியில் துணி காயப்போடும் அக்கா படத்தில் விழுந்தால் மேற்சொன்ன எதுவும் நேராகப் பொருந்தாது. சட்டம் தொடங்கும் இடத்துக்கு வெகு முன்பே தெருவில் சண்டை தொடங்கிவிடும்.

ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்த வகைச் சின்ன ட்ரோன்களில் வழக்கமான கேமரா 24 மி.மீ.க்குச் சமமான லென்ஸ், 83 டிகிரி பார்வைக் கோணம், 4000 × 3000 பிக்சல் படம். கேமராவை நேர்கீழாக வைத்தால், உயரம் எத்தனை மீட்டரோ அதைப்போல் 1.4 மடங்குக்குச் சற்று அதிகமான அகலமும் 1.06 மடங்கு நீளமும் படத்தில் விழும். 30 மீட்டரில் 42 × 32 மீட்டர். அது சுமார் 14,500 சதுர அடி, கிட்டத்தட்ட ஆறு கிரவுண்டு. உங்கள் ஒரு கிரவுண்டைப் பார்க்கப் போய் ஐந்து பேர் வீட்டு மாடியை இலவசமாகப் படமெடுத்துவிடுகிறீர்கள். 13 மீட்டரில் 18.4 × 13.8 மீட்டர். நாற்பதுக்கு அறுபது மனை ஒன்று 18.3 × 12.2 மீட்டர். அதாவது மொட்டை மாடியிலிருந்து 13 மீட்டர் மேலே, மனையின் நடுவில் நிறுத்தினால் படத்துக்குள் உங்கள் மனை மட்டும்தான். மனையின் நாற்பதடி வாட்டில் மட்டும் இரண்டு பக்கமும் முக்கால் மீட்டர் வெளியே போகும், அவ்வளவே.

உயரமாகப் பறந்தால் யாருக்கும் தொந்தரவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். முகம் தெரியாது என்ற அளவில் அது சரி, 30 மீட்டரில் ஒரு பிக்சல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல், முகம் 15 பிக்சல்தான் வரும். ஆனால் ஆறு வீட்டு மொட்டை மாடி உள்ளே வந்துவிடுகிறது. உண்மையில் ஆபத்து உயரத்தில் இல்லை, கேமராவின் சாய்வில் இருக்கிறது. 15 மீட்டரில் கேமராவை 60 டிகிரி கீழ்நோக்கி வைத்தால் படத்தின் மேல்விளிம்பு 24 மீட்டர் தூரத்தில் முடிகிறது. 45 டிகிரியில் சுமார் 50 மீட்டர். 30 டிகிரிக்கு உயர்த்தினால் நானூறு மீட்டரைத் தாண்டிவிடும், பின்தெருவும் அதற்குப் பின்தெருவும் படத்தில். ஜன்னலுக்குள் பார்க்கும் கோணமும் அதுதான். நேர்கீழ்ப் பார்வையில் சன்ஷேட்தான் தெரியும், ஜன்னல் தெரியாது.

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. ட்ரோனை ஆன் செய்ததும் கேமரா நேராக முன்னோக்கி நிற்கும். அப்படியே மேலே ஏற்றினால் எதிர்வீட்டு முதல் மாடி, இரண்டாம் மாடி ஜன்னல்கள் வரிசையாக எதிரில் வந்து போகும். ரெக்கார்டிங் ஓடாவிட்டாலும் ஜன்னலில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? இறக்கை சுழலும் முன்பே, தரையில் இருக்கும்போதே கேமராவைக் கீழே திருப்பிவிட வேண்டும். தரைதான் தெரியும், பரவாயில்லை. முன்னால் என்ன இருக்கிறது என்பது திரையில் தெரியாது என்பதால், ட்ரோனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு ஆள் கட்டாயம்.

உயரக் கணக்கில் இன்னொரு குழி உண்டு. ஆப் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து. மாடியிலிருந்து கிளம்பினால் 13 என்றால் 13. தெருவிலிருந்து கிளம்பினால் தரைதளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்குச் சுமார் 7 மீட்டர் கூட்டி 20 வைக்க வேண்டும். மாடியே நல்லது, தெருவில் கேபிள் டிவி ஒயரும் ஈ.பி. லைனும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். மாடியில் ஒரு சிக்கல், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பும், திசைகாட்டி எச்சரிக்கை வரும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்துக் கிளப்பினால் பெரும்பாலும் போய்விடும். கைப்பிடிச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, ஜிபிஎஸ் பிடித்து வீடு திரும்பும் புள்ளி பதிவான பிறகே ஏற்றுங்கள்.

அதிகபட்ச உயரம் 30 மீட்டர், அதிகபட்சத் தூரமும் 30 மீட்டர் என்று ஆப்பில் பூட்டிவிடலாம். கை தவறினாலும் தெருவைத் தாண்டாது. தானாகத் திரும்பும் உயரத்தைப் பக்கத்துத் தென்னை மரத்துக்கு மேலாக, 25 மீட்டர் என்று வைத்தோம். சில மாடல்கள் கிளம்பிய புள்ளிக்கு மிக அருகில் சிக்னல் போனால் மேலே ஏறாமல் இருந்த இடத்திலேயே இறங்கிவிடும். கீழே இருப்பது பக்கத்து வீட்டுக் கிணறா, ஆஸ்பெஸ்டாஸ் கூரையா என்று அது பார்க்காது. உங்கள் மாடலின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நேரம்: வேலைநாள் காலை 10 முதல் 11.30. விடியற்காலையில் காற்று இருக்காது, உண்மைதான், ஆனால் அப்போதுதான் மாடியில் நடைப்பயிற்சி, துணி காயப்போடுதல், செடிக்குத் தண்ணீர். மாலையில் பிள்ளைகள், பட்டம். கோடையில் இரவு மாடியில் படுப்பவர்கள் இன்னும் உண்டு. பத்து மணிக்கு மேல் வெயிலுக்குப் பயந்து மாடி காலியாகிவிடும், நிழலும் சுருங்கி டைல்ஸ் இடுக்கு நன்றாகத் தெரியும். பிற்பகலில் கடற்காற்று வந்துவிடும், 249 கிராமுக்கு அது பெரிய காற்று. வடாம் காயும் மாதங்களில் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காகம் கூடு கட்டியிருந்தால் அன்று விட்டுவிடுங்கள், விரட்டி வந்து கொத்தும்.

சொல்வது எப்படி? முந்தின நாள் சுற்றியுள்ள எட்டு வீட்டுக்கும் நேரில். அப்பார்ட்மென்ட் என்றால் சங்கச் செயலாளருக்கு எழுத்தில். “அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு எங்க மாடி டேங்க்கப் பாக்க ஒரு சின்ன ட்ரோன் பறக்கும். பத்து நிமிஷம்தான். கேமரா கீழதான் பாக்கும். வேணும்னா வந்து திரையில பாருங்க” என்றால் போதும். அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்கிறது. நின்று திரையைப் பார்த்தவர்கள் ஒரு நிமிடத்தில் ஆர்வமிழந்து போய்விடுகிறார்கள், தெரிவதெல்லாம் பாசி பிடித்த தளம்தானே. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டால் பாட்டிகளுக்குச் செய்தி போகாது.

பறக்கும்போது 13 மீட்டரில் ஒரு படம் போதும். ஆனால் அங்கிருந்து ஒரு பிக்சல் 4.6 மி.மீ., மயிரிழை விரிசல் தெரியாது. ஹெட் ரூம் மேல்தளத்துக்கு மேல் 4 மீட்டருக்கு இறக்கினால் பிக்சல் 1.4 மி.மீ., படத்தில் 5.7 × 4.2 மீட்டர் மட்டும். வீடியோ வேண்டாம், ஒவ்வொரு படமாக எடுங்கள். வீடியோ என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் தேவையில்லாததெல்லாம் பதிவாகிவிடும். யாராவது மாடிக்கு வந்துவிட்டால் அங்கேயே தொங்கவிட்டு நிற்காமல் இறக்கிவிடுங்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் தெரிவிக்க வேண்டும்.

வேறு யாரோ உங்கள் மாடிக்கு மேல் ட்ரோனை நிறுத்தினால் கல்லெறிய வேண்டாம். அது சேதக் குற்றமாகத் திரும்பும், லித்தியம் பேட்டரியோடு விழுவது உங்கள் தலையிலேயேகூட இருக்கலாம். ஜாமர் தனியாருக்குச் சட்டவிரோதம். போனில் வீடியோ எடுங்கள், பக்கத்து டேங்கோ கட்டடமோ சேர்ந்து தெரியும்படி, அப்போதுதான் எவ்வளவு தாழ்வாக இருந்தது என்று காட்ட முடியும். சின்ன ட்ரோனுக்குப் பேட்டரி அரை மணி நேரம் போல்தான் தாங்கும், எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். ஆள் கிடைத்தால் முதலில் பேச்சு, யு.ஐ.என். கேளுங்கள். கிடைக்காவிட்டாலோ திரும்பத் திரும்ப நடந்தாலோ தேதி, நேரம், வீடியோவோடு உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார்.

கடைசியாக, படங்கள் மூன்று இடத்தில் இருக்கும்: மெமரி கார்டு, போனில் ஆப் சேமித்து வைக்கும் பிரதி, போனின் கேலரி பேக்கப். ஆப்பின் வீடியோ கேஷ் வசதியை அணைத்துவிடுங்கள். கொத்தனாருக்கு அனுப்பும் முன் ஓரத்தில் விழுந்த பக்கத்து வீட்டை வெட்டிவிடுங்கள், படத்துக்குள் இருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு, “எங்க டேங்க்கையும் ஒரு தடவ பாத்துச் சொல்லேன்ப்பா” என்று எதிர்வீட்டிலிருந்து நிச்சயம் கேட்பார்கள். செய்யலாம். அவர்கள் மாடியிலிருந்தே கிளப்பி, அவர்களைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து. படம் அவர் போனுக்குப் போனதும் கார்டை ஃபார்மேட் செய்துவிட வேண்டும்.